சூட்டுக்கு ஒரு மதகு

எஞ்சின் சூடேறுகிறது என்று ஒரு வண்டி பட்டறைக்கு வந்தால், நம் ஊர்களில் முதலில் பலியாவது தெர்மோஸ்டாட்தான். இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் வால்வு அது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். "காக்கா, வண்டி ஹீட் ஏறுது" என்பார் டிரைவர். "வெயில் ஊருக்கு இது எதுக்குத் தம்பி? குளிர் நாட்டுக்காரன் வச்சது" என்று சொல்லி, அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு மூடியைத் திரும்பப் பூட்டிவிடுவார் மெக்கானிக். முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் டிராக்டர், லோடு வேன், பழைய ஜீப் என்று எத்தனையோ எஞ்சின்கள் அந்த வால்வு இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு பழக்கம் இப்போது வந்திருக்கிறது. வண்டியின் மேல் ஆசை உள்ள இளைஞர்கள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதில்லை. கம்பெனி மாட்டிய 82 டிகிரி வால்வை எடுத்துவிட்டு, 71 டிகிரியிலேயே திறக்கும் வேறொன்றைக் கடையில் வாங்கிப் பூட்டுகிறார்கள். செலவும் அக்கறையும் கூடுதல். ஆனாலும் இரண்டு பழக்கத்துக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. அந்த நம்பிக்கை தவறு என்பதே என் கட்சி. முத்துப்பேட்டையை முன்வைத்துத்தான் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தண்ணீரைத் தேக்குவதும் விடுவதும் என்ன என்று இந்த மண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு வேறெந்த மண்ணுக்கும் தெரியாது.

*

கல்லணையில் பிரியும் வெண்ணாறு நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அங்கிருந்து தெற்கே இறங்கும் பாமணியாறும் கோரையாறும் ஆயிரக்கணக்கான வயல்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைக் கொண்டுவந்து முத்துப்பேட்டை கடற்காயலில் சேர்க்கின்றன. கிளைதாங்கியாறு, மரைக்காகோரையாறு, கந்தபரிச்சான் ஆறு எல்லாம் வந்து முடியும் இடமும் அதுவே. அலையாத்திக் காட்டின் சேற்றில் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கின்றன. டெல்டாக்காரர்கள் இதைக் கடைமடை என்பார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தாலும் இங்கே தண்ணீர் வந்து சேர்வது நாள்கள் கழித்துத்தான். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை.

கடைமடை விவசாயிக்கு மதகைப் பற்றி ஒன்று நன்றாகத் தெரியும். ஆற்றின் குறுக்கே இருக்கும் ரெகுலேட்டரின் வேலை தண்ணீரை விடுவது மட்டுமல்ல, மட்டத்தை நிறுத்துவதும்தான். பலகைகள் எல்லாவற்றையும் தூக்கிவிட்டால் ஆறு நிறைய ஓடுவதுபோலத் தோன்றும். ஆனால் மட்டம் இறங்கிவிடும், பக்கத்து வாய்க்கால் தலையில் தண்ணீர் ஏறாது, வயல் காயும், ஓடியதெல்லாம் கடலுக்குப் போகும். பலகைகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் கரை உடையும். எந்த நேரத்தில் எவ்வளவு தூக்க வேண்டும் என்று மட்டத்தைப் பார்த்துத் தூக்குவதுதான் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரின் வேலை. தெர்மோஸ்டாட் எஞ்சினுக்குள் இருக்கும் அப்படி ஒரு மதகு. சூட்டை வெளியேற்றுவது ரேடியேட்டரின் வேலை. சூட்டின் மட்டத்தை நிறுத்துவது இதன் வேலை. மதகைப் பெயர்த்துப் போட்டுவிட்டு ஆறு நன்றாக ஓடுகிறது என்று மகிழும் விவசாயி டெல்டாவில் எவரும் இல்லை. எஞ்சின் விஷயத்தில் மட்டும் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

*

இந்த மதகைத் தூக்கி இறக்குவது மெழுகு. பித்தளைக் குப்பிக்குள் சுத்திகரித்த பாரஃபின் மெழுகும், சூடு விரைவாகப் பரவுவதற்காகச் செப்புத்தூளும் அடைத்திருப்பார்கள். நடுவே ரப்பர் உறைக்குள் ஓர் எஃகு ஊசி. குறிப்பிட்ட சூட்டில் மெழுகு உருகிப் பருக்கும்; போக இடமில்லாமல் ஊசியை நெருக்கும்; வால்வு திறக்கும். சூடு தணிந்தால் மெழுகு இறுகும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். மின்சாரம் இல்லை, கம்பி இல்லை, ஓட்டுபவரின் கவனமும் தேவையில்லை. எந்த வகை மெழுகைக் கலப்பது என்பதை வைத்தே திறக்கும் சூடு அமைகிறது. 71, 76, 82, 88 என்று விளிம்பில் பொறித்திருக்கும் எண் அதுதான். அந்தச் சூட்டில் வால்வு திறக்கத் தொடங்கும். முழுவதும் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏற வேண்டும்.

இந்த மெழுகு வால்வை உருவாக்கியவர் அமெரிக்காவில் பணியாற்றிய செர்ஜியஸ் வெர்னே. காலம் 1930கள். அதற்கு முன்பு, எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்த துருத்திக் குழல்தான் இந்த வேலையைச் செய்தது. ரேடியேட்டரை மூடி அழுத்தம் ஏற்றி ஓட்டும் முறை வந்தபோது அந்தத் துருத்தி தடுமாறியது. வெளியழுத்தம் கூடினால் அது சுருங்கும், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. மெழுகுக்கு அந்தக் குறை இல்லை, எத்தனை அழுத்தத்திலும் அது சூட்டுக்கு மட்டுமே கட்டுப்படும். அதே பத்தாண்டில், 1934-இல்தான், மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு டெல்டாவின் சாகுபடிக்கு ஒரு நாள்கணக்கு கிடைத்தது. வெள்ளமாக வந்ததை அளந்து கொடுக்கும் ஏற்பாடு ஆற்றுக்கும் எஞ்சினுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வாய்த்திருக்கிறது.

சந்தேகம் இருந்தால் வால்வை நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில், அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து அடுப்பில் சுடவைத்தால் போதும். முத்துப்பேட்டை கடல்மட்டத்து ஊர், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்கு வெகுமுன்பே வால்வு மெல்ல வாய் திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். கொதித்த பிறகும் திறக்காத வால்வு செத்த வால்வு. புதிதாக வாங்கியதைக்கூட இப்படிச் சோதித்துப் பூட்டும் பழைய மெக்கானிக்குகள் உண்டு. மரியாதைக்குரிய பழக்கம் அது.

*

நல்ல வால்வைக்கூட ஏன் கழற்றினார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் மெக்கானிக்குக்கு நியாயம் செய்ததாகாது. மெழுகுக் குப்பி கசிந்துவிட்டால் ஊசி நகராது, வால்வு மூடியபடியே நின்றுவிடும். அப்படி நின்றால் சில நிமிடங்களில் தண்ணீர் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும். ஊருக்கு நடுவே நின்றால் பரவாயில்லை. வயலுக்கு நடுவே, அறுவடை நேரத்தில் நின்றால் என்ன செய்வது? தரமான மாற்று வால்வு கிடைக்காத, கிடைத்தாலும் எந்த எண் என்று தெரியாத காலத்தில், பழுதாகக்கூடிய ஒன்றை எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். அந்த அச்சம் அனுபவத்திலிருந்து வந்தது. ஆனால் அச்சத்தில் செய்த ஏற்பாடு பிறகு கொள்கையாகிவிட்டது. வால்வு பழுதாகும் என்பதற்காக எடுத்தவர்கள், பின்னால் வால்வே தேவையில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள்.

எடுத்துவிட்டால் என்ன ஆகிறது? எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தைப் பெரும்பாலும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வரவே வராது. லைனர் சுவர் குளிர்ந்திருக்கும்போது எரிப்பில் பிறக்கும் நீராவி அதன்மேல் வியர்க்கிறது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் வாயு அந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் இரும்பை அரிக்கிறது. சிலிண்டர் தேய்வதற்கு உராய்வைவிட இந்த அரிப்புதான் பெரிய காரணம், சுவர் குளிர்ந்திருந்தால் தேய்மானம் பல மடங்காகிறது என்று 1930களில் பிரிட்டனின் ஆட்டோமொபைல் பொறியாளர் கழகத்துக்காக சி. ஜி. வில்லியம்ஸ் நடத்திய ஆய்வுகள் காட்டின. எஞ்சின் சூட்டால் மட்டுமே சாகும் என்று நினைக்கிறோம். குளிரும் கொல்லும்; ஆனால் மெதுவாக, சத்தமில்லாமல், பழியைத் தன்மேல் வாங்காமல்.

இன்று கதை ஓரளவு மாறியிருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 நடைமுறைக்கு வந்தபின் நம் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு இறங்கிவிட்டது. அமிலத்தின் கொடுமை குறைந்திருக்கிறது. மற்ற கேடுகள் குறையவில்லை. குளிர்ந்த சுவரில் எரியாமல் தங்கும் டீசல் வழிந்து எண்ணெயோடு கலக்கிறது. சூடேறாத எண்ணெயில் ஈரம் ஆவியாகாமல் கசடாகிறது. சூடு ஏறி விரிந்த நிலையில் பொருந்தும்படி அளவெடுத்த பிஸ்டன், விரியாமலே ஆடி ஓடுகிறது. கணினி வைத்த வண்டியில் சென்சார் எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாகத் தகவல் அனுப்ப, கணினியும் அதற்கேற்பக் கூடுதல் எரிபொருளைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. புகைவடிகட்டி உள்ள புதிய டீசல் வண்டிகள் படிந்த கரியைத் தாமே எரித்துக்கொள்ள, எஞ்சின் உரிய சூட்டில் இருந்தாக வேண்டும்.

டெல்டாவில் இதற்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. ஃபில்டர் பாயிண்ட் குழாய்க்கிணற்றில் ஆயில் எஞ்சின் வைத்து இறைத்த காலத்தில், பம்பின் டெலிவரிக் குழாயிலிருந்தே ஒரு சிறு குழாய் எடுத்து எஞ்சின் உறைக்குள் விட்டு, மறுபக்கம் வெளியேற்றுவார்கள். நிலத்தடியிலிருந்து வரும் குளிர்ந்த நீர் நேராக எஞ்சினுக்குள் ஓடும். எஞ்சினைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அதுவே நல்ல எஞ்சினுக்கு அடையாளம் என்று பலரும் நினைத்தார்கள். 1978-இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் விவசாயிகளுக்குச் சொல்லிவந்தது இதற்கு மாறானது: அளவுக்கு மீறிக் குளிர்விப்பது டீசலை வீணாக்கும், குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைக் குறைத்து எஞ்சினைச் சூட்டோடு ஓட்டுங்கள். வெளியேறும் தண்ணீர் சுட வேண்டும். நாம் எஞ்சினிடமிருந்து கேட்பது வேலை. வேலையைத் தருவது சூடு. அந்தச் சூட்டை ஓயாமல் வடியவிட்டுக்கொண்டே வேலையைக் கேட்க முடியாது.

சுமை குறைந்தாலும் எஞ்சின் குளிரில்தான் ஓடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. கடைமடைக் கிராமங்கள் பலவற்றுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிநீரை மேலேற்றவும் செல்போனுக்கு சார்ஜ் போடவும் வாடகை ஜெனரேட்டர்தான் துணை. பெரிய டீசல் எஞ்சினைச் சின்னச் சுமையில் நாள் முழுக்க ஓட்டினால் அது சூடேறாது. எரியாத டீசல் புகைக்குழாயில் கருத்த பிசுபிசுப்பாக வழியும். சுமை குறைவாக இருக்கும்போது எஞ்சினை அதன் சூட்டில் நிறுத்தி வைக்கவும் ஒன்று வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்கு அந்த வேலையும் உண்டு.

*

வால்வு இல்லாத எஞ்சின் சில வண்டிகளில் முன்னைவிட அதிகமாகச் சூடேறுவதும் உண்டு. தண்ணீர் வேகமாக ஓடுவதால் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைப்பதில்லை என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அது சரியல்ல, ஓட்டம் கூடினால் வெப்பம் கைமாறுவதும் கூடவே செய்யும். உண்மைக் காரணம் பைபாஸ். எஞ்சின் குளிராக இருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவர ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு முகம்: ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே இந்தக் குறுக்குவழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பகுதி ஆறாமலே திரும்பி எஞ்சினுக்குள் போகும். மதகைப் பெயர்த்தவர் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்க்காமல் பெயர்த்ததன் விளைவு இது.

குறைந்த சூட்டு வால்வை வாங்கிப் பூட்டும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. தெர்மோஸ்டாட் சூட்டின் கீழ்வரம்பை மட்டுமே தீர்மானிக்கும். மேல்வரம்பு ரேடியேட்டர், விசிறி, வாட்டர் பம்ப் ஆகியவற்றின் கையில் இருக்கிறது. நல்ல ரேடியேட்டர் உள்ள வண்டியில் 82 டிகிரி வால்வு இருந்தால் சூடு எண்பதுகளின் பிற்பாதியில் நிற்கும். 71 டிகிரி வால்வு இருந்தால் எழுபதுகளின் பிற்பாதியில் நிற்கும். முள்ளைப் பார்க்கும்போது மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு, முழுச் சுமையில் 110 டிகிரியை நோக்கி ஏறும் நாளில் இரண்டு வால்வும் முழுவதும் திறந்துதான் இருக்கும். திறந்த மதகுக்கும் திறந்த மதகுக்கும் வித்தியாசமில்லை. குறைந்த சூட்டு வால்வு தருவது சில நிமிட அவகாசம் மட்டுமே. அதற்கு விலையாக, மற்ற எல்லா நாளும் எஞ்சினைக் குளிரில் வைக்கிறோம்.

டேஷ்போர்டு முள்ளையும் முழுதாக நம்ப முடியாது. இன்றைய கார்கள் பலவற்றில் 75 டிகிரியிலிருந்து நூறைத் தாண்டும்வரை முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் பதறாமல் இருக்க அந்த ஏற்பாடு. நடுவில் நிற்கும் முள், எஞ்சின் குளிரில் தேய்வதையும் சொல்லாது, கொதிநிலையை நெருங்குவதையும் கடைசிவரை சொல்லாது. மதகின் மட்டத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் எண்ணில் காட்டும் மீட்டர் ஒன்றை முதலில் வாங்கலாம். புது வால்வைவிட அது அதிகம் பயன்படும்.

*

அப்படியானால் இந்த ஊரில் எஞ்சின்கள் ஏன் சூடேறுகின்றன? சம்பா அறுப்பின்போது வயலில் நின்று பார்த்தால் முதல் காரணம் தெரியும். பெல்ட் வைத்த அறுவடை மிஷின் போகும் வழியெல்லாம் சுணையும் வைக்கோல் தூசியும் பறந்து ரேடியேட்டர் வலையில் அப்பிக்கொள்கின்றன. காற்று உள்ளே போக வழியில்லாமல் போகிறது. அடிக்கடி நிறுத்தித் துடைக்கும் மிஷின் ஓடும். வாடகைக் கணக்குப் பார்த்து நிறுத்தாத மிஷின் நிற்கும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். கடைமடையில் நிலத்தடி நீர் உப்பேறியது; போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். அதே தண்ணீரைத்தான் ரேடியேட்டரிலும் ஊற்றுகிறார்கள். சூடேறும்போது அதிலுள்ள சுண்ணாம்பு பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே, அதாவது சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியே, ஓடாகப் படிகிறது. சுண்ணாம்பு ஓடு வெப்பத்தைக் கடத்துவதில் உலோகத்தின் பக்கத்தில்கூட வர முடியாது. வெளியே தண்ணீர் குளிர்ந்திருக்கும், உள்ளே உலோகம் தகிக்கும். உப்பிலுள்ள குளோரைடு அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் அரிக்கிறது. தெர்மோஸ்டாட்டின் மேலும் சுண்ணாம்பு படிந்து அதை இறுக்கிவிடுகிறது. கடைசியில் வால்வுதான் குற்றவாளி என்று அதைக் கழற்றி எறிகிறோம். அதைக் கெடுத்த தண்ணீரையே மறுபடி ஊற்றுகிறோம்.

கடையில் விற்கும் கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்காலும் துரு, அரிப்பு தடுக்கும் மருந்துகளும். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை 107 டிகிரி அளவுக்கு உயரும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் இருபது டிகிரி அளவுக்கு ஏறும். நம் நாட்டில் தண்ணீர் உறையாது, ஆகவே கூலண்ட் தேவையில்லை என்பது தெர்மோஸ்டாட் தேவையில்லை என்பதற்கு உடன்பிறப்பான வாதம். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. கொதிக்காமலும் அரிக்காமலும் காப்பதுதான் இந்த ஊரில் அதன் முக்கிய வேலை. கலந்த கூலண்டாக வாங்கலாம். இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றலாம். இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கக் குழாயடித் தண்ணீரை ஊற்றுவது கூலண்டுக்குச் செய்த செலவையும் வீணாக்கும்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷரும் மூன்றாவது காரணமாகலாம். அது இற்றுப்போனால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் இல்லாவிட்டால் கொதிநிலை கீழே இறங்கிவிடும். சில நூறு ரூபாய் மூடி ஒன்று லட்சம் ரூபாய் எஞ்சினைக் காக்கிறது. இவற்றை எல்லாம் சரிபார்த்த பிறகுதான் தெர்மோஸ்டாட்டின் எண்ணைப் பற்றிப் பேச நமக்கு உரிமை வருகிறது.

*

எண்ணைக் குறைக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. அதுவும் இந்தக் கடற்கரையிலேயே இருக்கிறது. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கள்ளிவயல்தோட்டம் போன்ற இடங்களிலிருந்து போகும் விசைப்படகுகளில் லாரிக்கு வைக்கும் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த டீசல் எஞ்சின்களே பெரும்பாலும் ஓடுகின்றன. படகில் ரேடியேட்டர் வேண்டியதில்லை. சுற்றிலும் கடல் இருக்கிறது. ஆனால் கடல்நீரை நேராக எஞ்சினுக்குள் விட்டுக் குளிர்விக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு கரைந்த நீர் அது. 60, 65 டிகிரியைத் தாண்டினால் அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் வேகமாகப் படியத் தொடங்கும். அதனால் கடல்நீரில் நேராகக் குளிரும் எஞ்சின்களுக்கு 60 டிகிரி அளவில் திறக்கும் தெர்மோஸ்டாட் வைப்பது உலகெங்கும் வழக்கம். எஞ்சின் குளிரில் தேயும் என்று தெரிந்தே, உப்பில் அடைத்துச் சாவதைவிட அது மேல் என்று தேர்ந்துகொண்ட எண் அது.

அதே படகில் வெப்பமாற்றி வைத்து, எஞ்சினுக்குள் மூடிய சுற்றில் நன்னீரையும் கூலண்டையும் ஓடவிட்டு, மறுபக்கத்தில் மட்டும் கடல்நீரை ஓட்டினால், உள்சுற்றுக்கு 80 டிகிரிக்கு மேலான வால்வைத் தைரியமாக வைக்கலாம். எஞ்சின் ஒன்றுதான், கடல் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். மாறியது உள்ளே ஓடும் தண்ணீர். எண் அதனோடு சேர்ந்து மாறிவிட்டது.

என் நோக்கில் இந்த விஷயத்தின் சாரம் இதுதான். தெர்மோஸ்டாட்டின் எண்ணை ஊரின் வெயிலைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. அதைச் சுற்றி ஓடும் தண்ணீரைப் பார்த்தும், எஞ்சின் எந்தச் சூட்டுக்கு அளவெடுக்கப்பட்டது என்பதைப் பார்த்தும் தீர்மானிக்க வேண்டும். வெளியே 38 டிகிரியா 18 டிகிரியா என்பது இரண்டாயிரம் டிகிரியைத் தொட்டு எரியும் சிலிண்டருக்குள் பெரிய செய்தியல்ல. அது ரேடியேட்டருக்குச் செய்தி. முத்துப்பேட்டை காயலில் மழைக்காலத்தில் ஆற்று நீர் மேலோங்கி உப்பு குறைகிறது, கோடையில் ஆறு வற்றி உப்பு ஏறுகிறது. இறால், மீன், அலையாத்தி எதுவுமே வெயிலை மட்டும் பார்த்து வாழ்வதில்லை, நீரின் தன்மையைப் பார்த்தே வாழ்கின்றன. நாம் ஓட்டும் இயந்திரங்களுக்கும் அந்தக் கவனத்தைக் கொடுக்க முடியும்.

*

மேம்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அர்த்தமுள்ள மேம்பாடுகள் இருக்கின்றன. எண் அதேதான், ஆனால் வாய் அகலமாகத் திறக்கும் வால்வு கிடைக்கிறது. முழுச் சுமையில் ஓட்டம் கூடும். விளிம்பில் சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் உள்ள வால்வு, தண்ணீர் மாற்றும்போது அடைபடும் காற்றை வெளியேற்றிவிடும். காற்று அடைத்துச் சூடேறும் வண்டிகளுக்கு அது மருந்து. சூடு எல்லை மீறினால் திறந்தபடியே பூட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. மெக்கானிக்குகள் பல காலம் பயந்த அந்த ஒரு விபத்துக்கு, மூடியபடி சாகும் வால்வுக்கு, அதுவே நேரான பதில். தெர்மோஸ்டாட்டின் பிளாஸ்டிக் கூடு விரிசல் விடும் கார்களில் அலுமினியக் கூட்டை மாட்டுவதும் நல்ல செலவு. ஐரோப்பியக் கார்களில் 1990களின் பிற்பகுதியிலிருந்து மெழுகுக்குள் மின்கம்பி வைத்து, லேசான சுமையில் 100 டிகிரிக்கு மேலும், முழுச் சுமையில் அதைவிடக் குறைத்தும் எஞ்சினை நிறுத்தும் ஏற்பாடு வந்துவிட்டது. உலகம் எஞ்சினை இன்னும் குளிராக ஓட்டுவதை நோக்கிப் போகவில்லை. சூட்டை இன்னும் நுட்பமாக நிறுத்துவதை நோக்கிப் போகிறது.

இதை ஒரு மெக்கானிக்கின் தனிப்பட்ட பழக்கமாக விட்டுவிட முடியாது. வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது, பயிற்சியும் தருகிறது. அந்தப் பயிற்சியில் ஒரு மணி நேரத்தைக் குளிர்விக்கும் சுற்றுக்கு ஒதுக்கினால் போதும். உதிரிபாகக் கடைக்காரர் வால்வைக் கொடுக்கும்போது எந்த எஞ்சின், எந்தத் தண்ணீர் என்று கேட்டுக் கொடுத்தால் போதும். அறுப்புக்கு முன்பு ரேடியேட்டரைக் கழுவி, கூலண்டை மாற்றி, வால்வைப் பாத்திரத்தில் சோதித்துப் பூட்டும் வேலை ஒரு முற்பகலில் முடிந்துவிடும்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் பருவம் தப்பிப் பெய்த மழையை எண்ணிப்பார்க்கலாம். திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர் மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அப்படிப்பட்ட மேகம் திரளும் பிற்பகலில், ஊருக்கு வந்திருக்கும் ஒன்றிரண்டு மிஷின்களில் ஒன்று வயலில் ஆவி கக்கிக்கொண்டு நின்றால், இழப்பு எஞ்சின் முதலாளிக்கு மட்டுமல்ல. வெட்டினால் வீடு வந்திருக்கும் நெல் முளைவிட்டுப் போகிறது, நான்கு மாத உழைப்பு போகிறது, குத்தகைக் கடன் அடுத்த ஆண்டுக்குத் தாண்டுகிறது. மணிக்கணக்குப் போட்டு வாடகை கொடுக்கும் விவசாயிக்கு அந்த மிஷின் முழு ஆரோக்கியத்தோடு தன் வயலில் இறங்க வேண்டும் என்று கேட்க உரிமை இருக்கிறது. அதைக் கேட்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கொடுக்க மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைமடைக்குக் கடைசியாக வரும் தண்ணீரை வீணாக்காமல் பயன்படுத்தக் கற்ற மக்கள், எஞ்சினின் சூட்டையும் அப்படியே கணக்குப் பார்த்து ஆளலாம். அதற்கு வேண்டிய அறிவு இந்த மண்ணில் முன்பே இருக்கிறது. மதகுக்குக் கொடுத்த மதிப்பை அந்தச் சிறு வால்வுக்கும் கொடுத்தால் போதும்.